முள் ஏன் ப்ளஸ் பக்கம் போகவில்லை?

பழைய புல்லட் ஒன்று தெருவில் நின்றால், அதன் ஹெட்லைட்டின் மேற்புறத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்பீடாமீட்டர் எல்லோர் கண்ணிலும் படும். அதற்குக் கீழே இன்னொரு சிறிய வட்டம் இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் மைனஸ், மறுபக்கம் ப்ளஸ், அவற்றுக்கு இடையே ஒல்லியான ஒரு முள். இதுதான் அம்மீட்டர்.

பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போனால் முள் மைனஸ் பக்கம் சாயும். பேட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் ப்ளஸ் பக்கம் சாயும். போவதும் வருவதும் சமமாக இருந்தால் நடுவில் நிற்கும். வண்டியின் வயிற்றுக்குள் நடக்கும் வரவு செலவை ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துவிடலாம். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த முள் கிடையாது. அதை எடுத்துவிட்டது நல்ல முடிவு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை மின்னோட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைத்த எளிய வழி அது.

இந்த முள்ளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புல்லட்டைக் கிக்கர் அடித்துக் கிளப்புகிறவர்கள், முதலில் சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே அம்மீட்டரைப் பார்ப்பார்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்குத் திரும்பும் நொடியில் நிறுத்துவார்கள். என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, அதன் பிறகு ஒரே மிதி. வண்டி கிளம்பும். என்ஜினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஒரு முள் எப்படிச் சொல்கிறது? பாயின்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய ஸ்விட்ச் ஒன்று என்ஜின் சுழற்சியோடு சேர்ந்து திறந்து மூடும். மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் ஓடும். முள் மைனஸைக் காட்டும். திறந்ததும் ஓட்டம் நிற்கும். முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறக்கிற அந்தக் கணத்தில்தான் ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயும். ஆக, முள் திரும்பினால் பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள்.

"பெட்ரோலில் ஓடும் வண்டிக்குக் கரண்ட் எதற்கு?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிட்டது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். ஹெட்லைட்டும் ஹார்னும் பிரேக் லைட்டும் அதற்கு மேல்.

புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955இல் அதைச் செய்த நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னாளில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. அதனால்தான் நம் ஊர்களில் ஐம்பது வயது தாண்டிய புல்லட்டுகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன.

அப்படி ஒரு பழைய 6 வோல்ட் வண்டி நம் முன்னால் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் அதை ஆசை ஆசையாகக் கழற்றி, சேஸிஸுக்குப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டியிருக்கிறார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"பகல்ல ஓட்டினா ஒண்ணும் தெரியல தம்பி. ராத்திரி லைட் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினா ஹெட்லைட் மஞ்சளா மங்கிடுது. ஹார்ன் அழுத்தினா முனகுது. அப்புறம் என்ஜினே டப்டப்னு அடிச்சு நின்னுடுது. புது பேட்டரி போட்டேன். ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. திரும்பவும் அதே கதைதான்."

பேட்டரியை மாற்றியும் தீரவில்லை என்றால் என்ன பொருள்? உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே மோட்டார் இருக்கிறது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தொட்டியை மாற்றிப் புதுத் தொட்டி வைத்து, அதில் ஒருமுறை நீர் நிரப்பியும் கொடுத்தால், இரண்டு நாளைக்குத் தண்ணீர் வரும். பிறகு மறுபடி நிற்கும். மோட்டார் ஓடுகிறதா, ஓடினால் தண்ணீர் மேலே ஏறுகிறதா, நடுவில் குழாய் எங்காவது அடைத்திருக்கிறதா என்று யாருமே பார்க்கவில்லையே! பேட்டரி ஒரு தொட்டி. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனாலும் வண்டி நின்றால் முதல் பழி அதன் மேல்தான் விழுகிறது. என் அனுபவத்தில் அந்தப் பழி பல சமயம் தவறானது.

அப்படியானால் மின்சாரத்தை உண்டாக்குவது எது?

1831 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு சோதனை செய்தார். இளம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர் அவர். உள்ளே காலியிடம் இருக்கும்படி சுற்றிய செம்புக் கம்பிச்சுருளுக்குள் ஒரு காந்தத்தைச் சட்டென்று நுழைத்தார். சுருளோடு இணைத்திருந்த கருவியின் முள் அசைந்தது. காந்தத்தை அப்படியே உள்ளே வைத்திருந்தார். முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. காந்தத்தை வெளியே இழுத்தார். முள் எதிர்ப்பக்கம் அசைந்தது. இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. காந்தம் அருகில் இருந்தால் மட்டும் போதாது, அசைய வேண்டும். வேகமாக அசைத்தால் மின்னழுத்தம் கூடும். உள்ளே போகும்போது ஒரு திசையிலும் வெளியே வரும்போது எதிர்த் திசையிலும் மின்சாரம் ஓடும். மின்காந்தத் தூண்டல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அது இதுதான். மறு ஆண்டே பாரிஸில் ஹிப்போலிட் பிக்சி என்ற கருவி செய்பவர், கைப்பிடியைச் சுழற்றினால் காந்தம் சுற்றும்படி ஒரு எந்திரம் செய்தார்.

புல்லட்டின் இடப்பக்கத்தில், பெரிய மூடிக்குள், என்ஜினோடு சுழலும் கிராங்க்ஷாஃப்டின் நுனியில் அதே போல ஒரு காந்தம் சுற்றுகிறது. அதற்கு ரோட்டர் என்று பெயர். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் கம்பிச்சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். இரண்டும் சேர்ந்தது ஆல்டர்னேட்டர். ரோட்டரும் ஸ்டேட்டரும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. அதேசமயம் அதிகம் விலகியும் இருக்கக் கூடாது. இங்கிலாந்து வண்டிகளில் வந்த லூக்காஸ் ஆல்டர்னேட்டரில் அந்த இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர். அதன் ரோட்டரில் ஆறு காந்த முனைகள். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாறி மாறி அமைந்திருக்கும். ஒரு சுற்றுக்கு மூன்று முறை மின்சாரம் ஒரு திசையில் போய் மறு திசையில் வரும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. ஆக, மின்சாரம் நொடிக்கு 150 முறை போய் வரும். வீட்டு மின்சாரத்தில் இது 50 முறைதான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. இப்படிப் போய் வரும் மாறுதிசை மின்னோட்டத்தைப் பேட்டரியால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு கணத்தில் ஏற்றியதை மறு கணத்தில் இறக்கிவிட்டால் மிச்சம் என்ன? அதனால் நடுவில் ரெக்டிஃபையர் என்ற உறுப்பை வைத்தார்கள். அதற்குள் நான்கு டையோடுகள். டையோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும். எதிர்ப்பக்கம் வந்தால் தடுத்துவிடும். நான்கையும் பாலம் போலப் பின்னியிருப்பதால், ஆல்டர்னேட்டரில் மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் பேட்டரிக்கு அது ஒரே திசையில்தான் வந்து சேரும். மிகப் பழைய வண்டிகளில் செலினியம் பூசிய தகடுகளை அடுக்கி ரெக்டிஃபையர் செய்திருந்தார்கள். அது எரிந்துபோனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம் வரும். அந்தப் புகை நஞ்சு என்பதால் தள்ளி நிற்பது நல்லது. பிறகு சிலிக்கான் டையோடுகள் வந்தன.

பழைய ஜாவா போன்ற வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அதில் சுருளே சுற்றும். கார்பன் பிரஷ்கள் உரசி மின்சாரத்தை வாங்கி நேர்திசையாகவே வெளியே கொடுக்கும். அதன் பழுதுகள் வேறு வகை. இன்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது பேட்டரிக்குள் பார்ப்போம். 1859இல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய அமில மின்கலம் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு தகடு, நடுவில் நீர் கலந்த கந்தக அமிலம். ஒரு அறைக்குச் சற்றேறக்குறைய 2.1 வோல்ட். மூன்று அறை சேர்ந்தால் 6 வோல்ட் பேட்டரி, ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். அமிலம் கெட்டியாக இருக்கிறதா நீர்த்துவிட்டதா என்று ஹைட்ரோமீட்டரில் பார்த்தாலே பேட்டரியின் நிலை தெரியும். நிறைந்த பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருக்கும். சார்ஜ் ஏற்றினால் வேதிமாற்றம் பின்னோக்கி நடந்து தகடுகள் பழைய நிலைக்கு வரும். ஆனால் காலியான பேட்டரியை அப்படியே பல நாள் போட்டுவைத்தால் சல்ஃபேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு என்ன ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. நம் வண்டிக்காரரின் பழைய பேட்டரி தானாகச் சாகவில்லை. தீனி கிடைக்காமல் செத்தது.

அந்தச் சாவுக்குக் காரணம் எங்கே? தேடலாம். தேடும் முன் சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது வெடிக்கும். அருகில் தீக்குச்சி, சிகரெட், பொறி எதுவும் கூடாது. அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவைக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். என்ஜினை ஓடவிடுவது திறந்த வெளியில் மட்டும்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். முதலில் வண்டியே வைத்திருக்கும் மீட்டரைப் பார்ப்போம். சாவி போட்டதும் முள் லேசாக மைனஸ் பக்கம் போகிறது. ஆக, அம்மீட்டர் வேலை செய்கிறது; ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. என்ஜினைக் கிளப்பி ஆக்சிலேட்டரைத் திருகுகிறோம். முள் ப்ளஸ் பக்கம் வரவே இல்லை. லைட்டைப் போட்டால் இன்னும் ஆழமாக மைனஸுக்குப் போகிறது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் தொடுகிறோம். என்ஜின் நின்றிருக்கும்போது, நன்றாகச் சார்ஜ் ஆன 6 வோல்ட் பேட்டரி 6.3 அல்லது 6.4 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது 7 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏன் கூடுதலாக? பேட்டரியின் சொந்த அழுத்தத்தைவிட அதிகமாகத் தள்ளினால்தானே மின்சாரம் அதற்குள் போகும். நம் வண்டியில் 6.1 காட்டிய மீட்டர், என்ஜின் ஓட ஓட 6.0, 5.9 என்று இறங்குகிறது. பேட்டரிக்கு ஒரு சொட்டும் வந்து சேரவில்லை. இந்த ஒரு அளவீட்டைச் செய்திருந்தால் புதுப் பேட்டரி வாங்கிய பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து மூலத்துக்குப் போகிறோம். ஆல்டர்னேட்டரிலிருந்து வெளியே வரும் வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறோம். வேகம் கூடக் கூட வோல்ட்டும் கூடுகிறது. ஃபாரடே சொன்னபடியேதான். ஆனால் இத்துடன் திருப்திப்படக் கூடாது. மல்டிமீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். நைந்துபோய் ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட அதற்குப் போதிய வோல்ட்டைக் காட்டிவிடும். வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வயர்களுக்கு நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்தால், வேகம் ஏறும்போது பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரிகிறது. ஆல்டர்னேட்டர் மேல் குற்றம் இல்லை.

எரியாமல் போயிருந்தால்? என்ஜினை நிறுத்தி ஸ்டேட்டரின் மின்தடையைப் பார்த்திருப்போம். சுருளின் இரண்டு முனைகளுக்கு நடுவில் மிகக் குறைந்த ஓம் இருக்க வேண்டும். சுருளுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இணைப்பே இருக்கக் கூடாது. பழைய வண்டிகளில் ஸ்டேட்டர் வயர் செயினுக்குப் பக்கத்தில் போகும். சூடான ஆயிலில் கிடந்து அதன் உறை இறுகி வெடித்துவிடும். செப்புக் கம்பி இரும்பைத் தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். பல வண்டிகளில் நோய் அங்கேதான் இருக்கும். நம் வண்டியில் இல்லை.

அடுத்தவர் ரெக்டிஃபையர். வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் டையோடு நிலையில் சோதிக்கிறோம். சிலிக்கான் டையோடு ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும்; வயர்களை மாற்றிப் பிடித்தால் வழியே இல்லை என்று காட்டும். இரண்டு பக்கமும் விட்டால் உடைந்த டையோடு. இரண்டு பக்கமும் தடுத்தால் அறுந்த டையோடு. நான்கையும் பார்த்தாயிற்று. நான்கும் நல்லவை.

இப்போது நிலைமையைப் பாருங்கள். மின்சாரம் உண்டாகிறது. திசை மாற்றும் உறுப்பு நன்றாக இருக்கிறது. பேட்டரியும் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனாலும் வந்து சேரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து, எதற்கும் ரெக்டிஃபையரை மாற்றிப் பார்ப்போம் என்று கடைக்குப் போவார்கள். போக வேண்டாம். மின்சாரத்துக்கு எப்போதும் முழுச் சுற்று வேண்டும். போன வழி மட்டும் இருந்தால் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். நாம் இதுவரை போகிற வழியைத்தான் பார்த்தோம்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழி வயர் அல்ல. வண்டியின் இரும்பு உடம்பு. பேட்டரியின் ஒரு முனையைச் சேஸிஸில் பூட்டிவிடுவார்கள். இதைத்தான் எர்த் என்கிறார்கள். பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் ப்ளஸ் முனைதான் எர்த். இன்றைய வண்டிகளில் மைனஸ். பழைய வண்டியில் பேட்டரியை மாட்டும் முன் எந்த முனை சேஸிஸுக்குப் போகிறது என்று பார்த்துவிட வேண்டும். மாற்றி மாட்டினால் டையோடுகள் போய்விடும். நம் வண்டியின் ரெக்டிஃபையருக்குத் தனி எர்த் வயர் கிடையாது. நடுவில் இருக்கும் போல்ட்தான் அதன் எர்த். அந்த போல்ட் சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சேஸிஸுக்குத்தான் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறது!

மல்டிமீட்டரை மறுபடி டிசி வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை ரெக்டிஃபையர் போல்ட்டிலும் வைத்து, என்ஜினை ஓடவிடுகிறோம். இரண்டு இடமும் ஒரே எர்த் என்றால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பல வோல்ட் காட்டுகிறது. வழி அங்கே அறுந்திருக்கிறது. உறுதி செய்துகொள்ள, ஒரு தடித்த வயரை எடுத்து அந்த இரண்டு இடங்களையும் இணைக்கிறோம். அம்மீட்டர் முள் மைனஸிலிருந்து எழுந்து, நடுவைத் தாண்டி, ப்ளஸ் பக்கம் போய் நிற்கிறது.

குற்றவாளி பெயின்ட். வண்டியில் இருந்தவற்றில் புதிதாகவும் அழகாகவும் இருந்த அதுவேதான். பெயின்ட் ஒரு மின்கடத்தாப் பொருள். போல்ட் உட்காரும் முகத்திலும் மரையிலும் படிந்த அந்த மெல்லிய படலம் முழுச் சார்ஜிங் சுற்றையும் நிறுத்திவிட்டது. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

பழுது பார்ப்பது இனி சின்ன வேலை. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுகிறோம். ரெக்டிஃபையரைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்து இரும்பு மின்னும்படி செய்கிறோம். பல்லுள்ள வாஷரைப் போட்டு இறுக்குகிறோம். கூடவே ரெக்டிஃபையர் போல்ட்டிலிருந்து பேட்டரி எர்த் முனைக்கு நேராக ஒரு வயரும் இழுத்துவிடுகிறோம். இனி சேஸிஸுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கவலை இல்லை. தேய்த்த இடம் துருப்பிடிக்காமல் இருக்க வெளியே கொஞ்சம் வாசலின் தடவுகிறோம்.

முழுக்க அறுந்தால்தான் தொல்லை என்றில்லை. 6 வோல்ட் வண்டிகளில் அரைகுறைத் தொடர்பும் பெரிய தொல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வாட் ஹெட்லைட் பல்பு 6 வோல்ட்டில் எரிய 5 ஆம்பியர் வேண்டும். வழியில் துருவேறிய ஒரு இணைப்பு 0.2 ஓம் தடை கொடுக்கிறது என்போம். 5 ஆம்பியரை 0.2 ஓமால் பெருக்கினால் 1 வோல்ட். பல்புக்கு மிஞ்சுவது 5 வோல்ட். ஆறில் ஒரு பங்குதானே போயிற்று என்று நினைக்காதீர்கள். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். 5 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் இருக்கும். அதே 30 வாட்டுக்கு 12 வோல்ட் வண்டியில் 2.5 ஆம்பியர் போதும். அதே துரு அங்கே தின்பது 0.5 வோல்ட் மட்டுமே, அதுவும் 12இல். வண்டிகள் எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய 6 வோல்ட் வண்டியை "லைட்டே வராத வண்டி" என்று கேலி செய்கிறவர்கள், அதன் இணைப்புகளை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டுப் பேசட்டும்.

சார்ஜ் குறைவதைப் போலவே கூடுவதும் நோய்தான். காந்தத்தின் பலத்தை நாம் கூட்டிக் குறைக்க முடியாது. வேகமாக ஓட்டினால் ஆல்டர்னேட்டர் தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 1950களில் இங்கிலாந்து வண்டிகளில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். லைட் ஸ்விட்சே ஆல்டர்னேட்டரின் சுருள்களையும் மாற்றி இணைக்கும். லைட் அணைந்திருந்தால் குறைந்த வரவு. ஹெட்லைட் போட்டால் எல்லாச் சுருள்களும் முழுமூச்சாக வேலை செய்யும். பிறகு 12 வோல்ட் வண்டிகளில் ஜீனர் டையோடு வந்தது. சுமார் 14 வோல்ட்டைத் தாண்டியதும் அது வழிதிறந்து, மிகையான மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியேற்றிவிடும். அதற்காகவே அதைக் காற்றுப்படும் அலுமினியத் துண்டில் பொருத்தினார்கள். இன்று இந்த வேலையைச் செய்யும் ரெகுலேட்டர்களின் முதுகில் வரிவரியாகத் துடுப்புகள் இருப்பதும் வெப்பத்தைக் காற்றில் விடத்தான். பேட்டரியில் அடிக்கடி நீர் குறைகிறது, பல்புகள் சீக்கிரம் எரிந்துபோகின்றன என்றால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் பார்க்க வேண்டுமா? பழைய சைக்கிள் டைனமோ ஒன்று கிடைத்தால் போதும். 6 வோல்ட், 3 வாட் என்று அதன் மேல் எழுதியிருக்கும். பல்பை இணைக்காமல் அதன் தலையைச் சுழற்றிப் பாருங்கள். பிறகு பல்பை இணைத்துச் சுழற்றுங்கள். இரண்டாவது முறை விரல் வலிக்கும். உண்டாகும் மின்சாரம், தன்னை உண்டாக்கும் அசைவை எதிர்க்கிறது; லென்ஸ் என்ற அறிஞர் 1834இல் சொன்ன விதி இது. பல்பின் ஒளி உங்கள் விரலிலிருந்து வருகிறது. புல்லட்டின் ஹெட்லைட் ஒளி பெட்ரோலிலிருந்து வருகிறது.

நம் வண்டிக்காரர் ஒரு பேட்டரியை வீணாக இழந்துவிட்டார். இது அவர் பணத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அதற்குள் இருப்பது ஈயம். அது மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரியை உடைத்துத் திறந்தவெளியில் ஈயத்தை உருக்கும் இடங்களில், சுற்றியுள்ள மண்ணிலும் தூசியிலும் அது தங்கிவிடுகிறது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வண்டி நின்றால், புதுப் பேட்டரி வாங்கக் கிளம்பும் அப்பாவிடமோ அண்ணனிடமோ "என்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுது, பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பேட்டரி உண்மையிலேயே செத்திருந்தால், அதன் அமிலத்தைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போடவும் விடாதீர்கள். விற்கும் கடைக்காரர் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001இல் நம் நாட்டில் விதி வந்தது; 2022இல் அதற்குப் பதில் புதிய விதிகள் வந்தன. சாய்க்காமல் நேராக வைத்துப் பேட்டரிக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.